கேட்டவர் கையெழுத்து

பிரகாசி டீச்சரிடம் பேண்டு கற்றுக்கொண்ட பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள் போதும், புதன்கிழமையை எடுத்துவிடலாம் என்பார்கள். புதன்தான் பாட நாள். போன வாரம் கொடுத்ததை ஒவ்வொருவராக முன்னால் வந்து வாசித்துக் காட்ட வேண்டும். டீச்சர் அடிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதற்கு நாலு திட்டு வாங்கிவிட்டுப் போகலாம் என்றிருக்கும்.

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த நடுநிலைப் பள்ளி அது. வாத்தியம் பதினான்கு. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் முப்பது பேர். அதனால் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிற பிள்ளை தினமும் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டவர் பயிற்சி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறைந்தால் வாத்தியம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மற்ற எதற்கும் மனம் இரங்குகிற மனுஷி, இந்த ஒன்றில் மட்டும் யார் அழுதும் இறங்கி வந்ததில்லை.

யூபோனியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஊத வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம். ஏழாம் வகுப்பு சங்கரேஸ்வரியிடம் அது இருந்தது. அவளுக்கு அப்படியொரு மூச்சு. கணக்குப் பாடத்தில் அவள் எப்படி என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. ஓட்டத்திலும் கடைசி, ஒப்பித்தலிலும் கடைசி. பிறந்ததிலிருந்து முதல் ஆளாக நின்றது இந்த ஒன்றில்தான். ஆகஸ்ட் பதினைந்துக்கு ஸ்டேடியத்தில் வாசிக்கப்போகும் பாட்டில், நடுவில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். யூபோனியம் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் போகும். அந்தக் கொஞ்ச நேரத்தின்மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

அவளுடைய நோட்டில் கையெழுத்துப் போடுவது அம்மா ஆவுடைத்தாய். அப்பா லாரி ஓட்டுகிறவர், பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. ஆவுடைத்தாய் வீட்டிலிருந்தே ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதை நோட்டில் எழுதி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆவுடைத்தாய் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். அரை மணி நேரமும் அசையமாட்டாள். முடிந்ததும் கையெழுத்து.

ஆனியில் ஒரு நாள் சங்கரிக்கு உதட்டில் புண். ஊத முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் போயிருக்கும். அவள் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு, விரலால் வால்வுகளை அமுக்கிக்கொண்டு, அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்ப எட்டு மணி ஆகும். கேட்க ஆள் கிடையாது.

இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. பொல்லாத சௌகரியம் அது. புண் ஆறிய பிறகும், அலுப்பாக இருந்த நாளெல்லாம் கன்னத்தை உப்பினாள். கடினமான இடம் வரும்போதெல்லாம் உப்பினாள். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நோட்டு நிறைந்துகொண்டே வந்தது.

ஆகஸ்ட் பதினைந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு புதன்கிழமை, சங்கரி அந்தத் தனி இடத்தை வாசித்துக் காட்டினாள். நீட்டிப் பிடிக்க வேண்டிய சத்தம் பாதியில் நடுங்கி அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அறுந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏழு நாளுக்கும் ஏழு கையெழுத்து இருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து வேல்மயில் எழுந்தான். பேண்டில் ஜால்ரா தட்டிக்கொண்டு யூபோனியத்துக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தவன் அவன். கெட்ட பையன் இல்லை. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டான்.

"டீச்சர், அவங்கம்மாவுக்குக் காது கேட்காதே. கேட்காதவங்க போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்?"

வகுப்பு சிரித்தது. சங்கரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் அம்மாவைப் பற்றி அவள் ஏதாவது சொன்னாளா? எங்கம்மா ஒருநாளும் பொய்க் கையெழுத்துப் போடமாட்டா என்று கத்தினாள். கத்திய பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

டீச்சர் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, அவங்களையே கேட்டுவிடலாம் என்றார்.

அன்று சாயங்காலம் சங்கரி உதடு வீங்கும்வரை ஊதினாள். ஒரு நாள் ஊதி ஆறு வார மூச்சு திரும்பி வருமா? முடிந்ததும், டீச்சர் உன்னைப் பார்க்க வேண்டுமாம் என்று அம்மாவுக்குக் கைஜாடையில் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. ஆவுடைத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் நன்றாக வாசிக்கிறாள், அதைச் சொல்லத்தான் டீச்சர் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவையை வெளியே எடுத்தாள். சங்கரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

மறுநாள் பேண்டு அறையில் ஆவுடைத்தாய்க்கு நாற்காலி போட்டார்கள். நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் எழுந்து வந்து கும்பிட்டார். அவளுடைய கைஜாடை டீச்சருக்குத் தெரியாது. அந்த அறையில் சங்கரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அது அந்தத் தாயும் மகளும் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட பாஷை.

"போன வாரம் நீ எத்தனை நாள் வாசிச்சேன்னு அம்மாகிட்டக் கேளு."

சங்கரி உள்ளபடியே கேட்டாள். பயம் இல்லை. அம்மா ஏழு நாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஏழு என்றுதானே காட்டப்போகிறாள்?

ஆவுடைத்தாய் யோசித்தாள். பிறகு கன்னத்தில் மஞ்சள் பூசுவதுபோல் தேய்த்துக் காட்டினாள். அவர்கள் பாஷையில் அது வெள்ளிக்கிழமை. ஒரு உள்ளங்கையில் மற்றக் கையால் கறி வெட்டுவதுபோல் வெட்டினாள். அது ஞாயிறு. தலையில் கூடையைப் பிடித்துக் காட்டினாள். அது சந்தை நாள், திங்கட்கிழமை. அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அம்மாவுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஆறு வாரமும் தெரிந்தே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"என்ன சொல்றாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

ஏழு நாள் என்று சொன்னால் முடிந்தது. மஞ்சளும் கறியும் கூடையும் என்னவென்று இங்கே யாருக்குத் தெரியும்? யூபோனியம் வீட்டுக்கு வரும். இரண்டு வாரம் ராப்பகலாக ஊதினால் ஸ்டேடியத்தில் மானம் காப்பாற்றிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. டீச்சருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது அங்கே போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாள் யாரும் அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தது அதற்குமுன் கிடையாது.

"மூணு நாள், டீச்சர்," என்றாள் சங்கரி. "வெள்ளி, ஞாயிறு, திங்கள். மத்த நாள் நான் ஊதல. கன்னத்த மட்டும் உப்பினேன்."

சிரித்தவன் கையை எடுத்துவிட்டான். டீச்சரின் முகம் மாறவில்லை.

"அம்மாவுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு."

சங்கரி கேட்டாள். ஆவுடைத்தாய் யூபோனியத்தின் அடியில் இருந்த சின்ன விசையைத் தொட்டுக் காட்டினாள், தரையைக் காட்டினாள், துடைப்பதுபோல் கையை வீசினாள். சங்கரி அதைச் சொன்னாள். ஊதினால் மூச்சு உள்ளே தண்ணீராகச் சேரும், முடிந்ததும் விசையை அழுத்தி வடிக்க வேண்டும். வீட்டுத் தரையைத் துடைக்கிறது அம்மாதான். மற்ற நாலு நாளும் தரை ஈரமாகவே இல்லை.

டீச்சர் தலையை ஆட்டினார். அப்படியானால் ஏழு கையெழுத்து எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கச் சொன்னார்.

இதைக் கேட்கத்தான் சங்கரிக்குக் கை எழும்பவில்லை. ஒரு வழியாகக் கேட்டாள். ஆவுடைத்தாய் இந்தத் தடவை மகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். சொல்லும்போது ஒரு தடவை சிரித்தாள்.

சங்கரி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஊசியக் கீழ வச்சிட்டு உட்கார்ந்தேன்னு சொல்லுதாங்க," என்றாள். "இப்ப ஊதுவா, இப்ப ஊதுவான்னு அரை மணி நேரமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு ஊதுவான்னு இருந்தேன். அப்படின்னு சொல்லுதாங்க."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்து முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆவுடைத்தாய் திகைத்துப்போய் எழுந்துவந்து மகளின் முதுகைத் தடவினாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல் டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினாள். டீச்சர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அழுது முடித்ததும் சங்கரி தானாகவே எழுந்தாள். யாரும் சொல்லவில்லை. விதி அவளுக்குத் தெரியும். யூபோனியத்தைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய் வேல்மயில் மடியில் வைத்தாள். ஒரு வருஷம் ஆசைப்பட்ட பொருள். அவன் அதைச் சரியாகப் பிடிக்கக்கூட இல்லை. அவளே வச்சுக்கட்டும் என்பதுபோல் டீச்சரைப் பார்த்தான். டீச்சர், வாங்கிக்கொள் என்று தலையசைத்தார். பிறகு அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சங்கரி முன்னால் வந்து, மேசைமேல் இருந்த தன் நோட்டைப் பார்த்தபடி நின்றாள். வாத்தியம் போனது வலித்தது. அது தான் செய்ததற்கு வந்தது, போகட்டும். ஆனால் நேற்று வகுப்பு சிரித்த சிரிப்பு? அது அம்மாவைப் பார்த்துச் சிரித்ததுதானே. வேல்மயில் கேட்டது சரியென்று ஆகிவிட்டதே, இனி இவர்கள் எல்லோருக்கும் அம்மாவின் கையெழுத்து வெறும் கிறுக்கல்தானே என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. அம்மா கல்யாணப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றாள். "அப்ப எங்கம்மா போட்ட கையெழுத்து செல்லாதா?"

பிரகாசி டீச்சர் நோட்டை எடுத்தார். அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்தார். ஏழு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏழும் செல்லும். உங்கம்மா ஏழு நாளும் கேட்டிருக்காங்க. நீதான் மூணு நாள் வாசிச்சிருக்கே."