அடிப்பிடிக்காத ஓட்ஸ் கஞ்சி

தஞ்சாவூர்ப் பக்கம் பொய்க்கால் குதிரை ஆடும் கோஷ்டி ஒன்று இருந்தது. ஆடுகிறவர் வேதையன். மேளத்துக்குப் பக்கிரி, தாளத்துக்குத் தம்புசாமி, குதிரைக்கூட்டைச் சுமந்துவர அய்யாக்கண்ணு. நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அது யாரிடம் இருக்கிறது என்பதில் அவர்களுக்கே சந்தேகம்.

வேதையனுக்குச் சர்க்கரை. "காலையில ஓட்ஸ் கஞ்சிதான். வேற எதையாவது வாயில வச்சே, ஆட்டத்தை மறந்துடு" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலை தேர்த் திருவிழா. வெறும் வயிற்றோடு கட்டைக்காலில் ஏறி ஆட முடியுமா? பாவம், மனிதர் பசியில் துடித்தார்.

ஓட்ஸ் பொட்டலம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த தம்புசாமி உரக்கப் படித்தான். "குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்."

"குளிர்ந்த இடம்னா கிணறு" என்றான் பக்கிரி.

"அங்க ஈரம்டா. ஈரமில்லாத இடம்னா மொட்டை மாடி" என்றான் தம்புசாமி.

"அங்க வெயிலு கொளுத்துதே!" என்றான் அய்யாக்கண்ணு.

ஊரில் அப்படி ஓர் இடமே கிடையாது என்று தெரிந்தது. கடைசியில் பொட்டலத்தை மாடியில் வைத்தார்கள். அய்யாக்கண்ணு அதற்குக் குடை பிடித்தான், பக்கிரி விசிறினான். பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த வேதையன், "எனக்கும் ஒரு வீச்சு வீசுடா" என்று கெஞ்சினார்.

"அண்ணே, உங்க மேல அப்படி ஒண்ணும் எழுதலையே" என்றான் பக்கிரி. நியாயமான பதில்தான்.

வேதையன் போட்ட கூச்சலில் ஒருவழியாக அடுப்பு பற்றியது. "அடிப்பிடிக்காமல் இருக்க, விடாமல் கிளறவும்" என்று அடுத்த வரியைப் படித்தான் தம்புசாமி. அய்யாக்கண்ணு கிளறினான். கஞ்சி வெந்தது. கிளறினான். அடுப்பை அணைத்தார்கள். அப்போதும் கிளறினான்.

"போதும்டா, ஊத்து!" என்று கத்தினார் வேதையன்.

"எப்ப நிறுத்தணும்னு போட்டிருக்கா, தம்பு?"

தம்புசாமி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கிளறத்தான் சொல்லியிருக்கு. நிறுத்தச் சொல்லல."

கஞ்சி ஆறியே போனது. வெளியே தேர் கிளம்பும் வேட்டுச் சத்தம். அழாத குறையாக வேதையன் பாத்திரத்தைப் பிடுங்கி, கரண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே மடமடவென்று குடித்து முடித்தார்.

மூவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, கஞ்சி வயித்துல சும்மா நிக்குது! அடிப்பிடிச்சா என்ன பண்றது?" என்று பதறினான் அய்யாக்கண்ணு.

"ஐயோ, உள்ள கரண்டி போகாதேடா!" என்று வேதையனும் அலறினார்.

கூடிப் பேசினார்கள். பிறகு அவரைக் கட்டைக்காலில் ஏற்றி, குதிரையை இடுப்பில் மாட்டி, வீதியில் கொண்டுபோய்ச் சுற்றிவிட்டார்கள்.

"வலப்பக்கமாவே சுத்துங்கண்ணே! நான் அப்படித்தான் கிளறினேன்!" என்று கத்தினான் அய்யாக்கண்ணு.

தேர் நிலைக்கு வந்து நின்றது. வேதையன் நிற்கவில்லை. அப்படி ஓர் ஆட்டத்தை ஊர் கண்டதே இல்லை. கூட்டம் விசிலடித்தது. தேர் பார்க்க வந்திருந்த டாக்டர் பதறிப்போய் ஓடிவந்தார். "நிறுத்துய்யா! தலை சுத்தி விழப்போற!"

வேதையன் சுற்றுக்குச் சுற்று அவர் எதிரே வரும்போதெல்லாம் வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினார்.

"டாக்டர், கொஞ்சம் மோந்து பாருங்க... தீஞ்ச வாடை வருதா?"