யூரியா விளக்கு

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் தெய்வானை லாரி பட்டறை வைத்திருந்தாள். புது லாரிகளில் கம்ப்யூட்டர் கோளாறு என்றால் அந்தப் பக்கத்து டிரைவர்கள் அவளிடம்தான் வருவார்கள்.

அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் அர்த்தநாரி. வயதில் அவளுக்கு வெகுவாக மூத்தவர். பாதி ஆயுள் லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதால் ஸ்டியரிங்கை விட்டார். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் யாருக்கு வாத்தியார் என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை.

ஒரு காலையில் லாரி ஒன்று ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்தது. டேஷ்போர்டில் யூரியா விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்த மாதிரிப் புது லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய டீசல் டேங்குக்குப் பக்கத்தில் தனி டேங்க் வைத்து யூரியாத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதன் அளவு குறைந்தாலும், அளவே தெரியாமல் போனாலும் கம்ப்யூட்டர் முதலில் விளக்கைப் போடும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவையைக் குறைத்துவிடும். அப்புறம் ஏற்றத்தில் சைக்கிள்காரன்கூட லாரியை முந்திப் போவான்.

அர்த்தநாரிக்கு அந்த லாரியைத் தெரியும். போன வாரம் தெய்வானை ஊரில் இல்லாதபோது அவர்தான் பார்த்தார். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர், யூரியா அளவைச் சொல்லும் சென்சாரைக் காட்டியது. புது சென்சார் போட்டார். விளக்கு அணைந்தது. நாலைந்து நாளில் மறுபடி எரிய, லாரி முதலாளி குழந்தைவேல் போனில் கேட்டார்.

"சென்சார் புதுசுங்க. அதுல தப்பு வராது," என்றார் அர்த்தநாரி.

"அப்ப யூரியா தீந்து போச்சுங்களா?"

"விளக்கு அதைத்தானுங்களே சொல்லுது."

அவ்வளவுதான் பேச்சு.

இப்போது லாரிக்குப் பின்னாலேயே குழந்தைவேலின் காரும் வந்து நின்றது. லாரியிலிருந்து டிரைவர் மாதையன் இறங்கினார். கையில் துணிப்பை, தோளில் போர்வை. சாவியைக் குழந்தைவேலிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய டயரில் போய் உட்கார்ந்தார்.

"நான் டேங்க் நெறைய யூரியா ஊத்தித்தானுங்க அனுப்பறேன்," என்றார் குழந்தைவேல். "இவன் வழியில எறக்கி வித்துப்போட்டு, பட்டறைக்கு வர்றப்ப எதையோ ஊத்திக்கிட்டு வர்றான். சாவிய வாங்கிப்போட்டேன். வேற ஆளு வந்துக்கிட்டு இருக்கறான். உங்க ஆளே சொன்னாருங்களே, சென்சார்ல தப்பு வராதுன்னு."

தெய்வானை அர்த்தநாரியைப் பார்த்தாள்.

"ஸ்கேனரை மாட்டுங்கண்ணா."

மாட்டினார். "அதே கோளாறுதானுங்க அம்மிணி. நான் போட்ட சென்சாரே சரியில்லாததா இருக்கும். வேற ஒண்ணு போட்டுப் பாக்கட்டுங்களா?"

"என்ன போட்டிருக்குதுன்னு படிங்க."

"யூரியா அளவு சென்சார்."

"அதுக்கப்பறம்?"

"சிக்னல் இல்லை."

"சென்சார் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"டேங்க் காலின்னு?"

அர்த்தநாரி திரையை மறுபடி பார்த்தார். "இல்லீங்க. காலியா இருந்தா அளவு கம்மின்னு வந்திருக்கும்."

"அப்ப இது என்ன சொல்லுது?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்குதுங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

தெய்வானை டேங்க் மூடியைத் திறந்தாள். கழுத்து வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டு எடுத்து, கலப்படம் சோதிக்கும் கருவியின் கண்ணாடியில் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் கலக்காத யூரியா.

"வர்ற வழியில வாங்கி ஊத்தியிருப்பான்," என்றார் குழந்தைவேல்.

அவள் டயர் கிடந்த இடத்துக்குப் போய் மாதையனுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"விளக்கு எந்த எடத்துலங்க வருது?"

மாதையன் தலையைத் தூக்கினார். "ரோடு நல்லா இருந்தா வராதுங்க. பாலம் வேல நடக்கற எடத்துல, பள்ளத்துல எறங்கி ஏறுனா வருதுங்க."

"இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் அர்த்தநாரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அர்த்தநாரிக்கு நினைவு வந்தது. போன வாரம் இந்த மனிதர் "பள்ளத்துல எறங்கறப்ப..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் ஸ்கேனரே சொல்லிப்போடும், நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தது தன் வாய்தான். தான் ஓட்டிய காலத்தில் தன்னை அப்படி டீ குடிக்க அனுப்பிய பட்டறைகளுக்கு அவர் இரண்டாம் முறை போனதில்லை.

"அண்ணா, அடியில போங்க," என்றாள் தெய்வானை. "டேங்கிலிருந்து வர்ற ஒயரை எடம் எடமா ஆட்டுங்க. நான் திரையைப் பாக்கறேன்."

அர்த்தநாரி முதுகைப் பிடித்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனார். டேங்க் அருகே ஆட்டினார்.

"சிக்னல் இருக்குது," என்று கேபினிலிருந்து தெய்வானையின் குரல் வந்தது.

கொஞ்சம் தள்ளி ஆட்டினார்.

"இருக்குது."

லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒயரைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப் அருகே ஆட்டினார்.

"போச்சு."

கையை எடுத்தார்.

"வந்துருச்சு."

டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயரின் மேல்தோலைக் கிளாம்ப் அரைத்துத் தின்றிருந்தது. உள்ளே இரண்டு மூன்று செம்பு இழைகள்தான் மிச்சம். வண்டி நின்றால் ஒட்டிக்கொள்ளும், குதித்தால் விலகும்.

தெய்வானை குழந்தைவேலைக் கேபினுக்கு அழைத்தாள். "ஆட்டுங்கண்ணா," என்றாள். திரையில் அளவு மறைந்தது. வந்தது. மறைந்தது.

"இதுக்கு முன்னால எத்தனை டிரைவருங்ககிட்ட ஏமாந்திருக்கறனுங்க அம்மிணி," என்று முனகினார் குழந்தைவேல். போனை எடுத்து, வந்துகொண்டிருந்த ஆளை வரவேண்டாம் என்றார். சாவியை மாதையனுக்குப் பக்கத்தில் டயர்மேல் வைத்தார். "சரியானதும் எடுத்துட்டு வந்துரு," என்றார். கார் கிளம்பிப் போய்விட்டது.

அர்த்தநாரி ஒயரைப் பற்றவைத்து, உறை போட்டு, கிளாம்ப்பை மாற்றினார். கையைக்கூடத் துடைக்காமல் மாதையனிடம் போனார்.

"நான் சொன்ன ஒரு வார்த்தையாலதானுங்க இவ்வளவும். நீங்க சொல்ல வந்ததையும் நான் கேக்கலை. தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கோங்க."

மாதையன் போர்வையை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். பைக்குள் வைத்தார்.

"வண்டி ஆயிருச்சுங்களா?" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏறினார்.

தெய்வானை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி அங்கே போய் நின்றார்.

"அம்மிணி, ஒரு சந்தேகங்க."

"கேளுங்கண்ணா."

"ஒயரு சேந்துருச்சு. சிக்னலும் வருது. விளக்கு மட்டும் இன்னும் எரியுதே? ஸ்கேனர்ல அழிச்சாலும் போக மாட்டேங்குது."

"அது நம்ம அழிச்சாப் போறதில்லீங்க. ஓட்டணும். சிக்னல் அறுந்து போகாம வருதான்னு அதுவே பாத்துக்கும். அப்பறம் தானா அணையும்."

"எவ்வளவு தூரம் ஓட்டணுங்க?"

"அதுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்."

லாரி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அர்த்தநாரி நகரவில்லை.

"இன்னும் என்னங்கண்ணா?"

"அவருகிட்ட தப்புன்னு ஒத்துக்கிட்டேனுங்க. மன்னிப்பும் கேட்டேன். அவரு ஒரு வார்த்தை சொல்லலைங்க அம்மிணி."

தெய்வானை துண்டில் கையைத் துடைத்தாள். லாரியின் பக்கம் பார்த்தாள்.

"அவரு பக்கத்து சீட்டு காலியாத்தானுங்க இருக்குது, ஏறிக்கோங்க. பள்ளம் இருக்கற ரோட்டுலயே போகச் சொல்லுங்க."