அவர் ஆமாம் சொல்லும்வரை

வாதத்துக்கு ஆள் வேண்டுமென்றால் வெண்ணியம்மையின் மடத்தில் எல்லோர் கண்ணும் கொற்றன் பக்கம்தான் திரும்பும். ஐம்பதைத் தாண்டியும் வாய்த்துடுக்கு குறையாத மனிதன். இந்த முறை அவன் எதிர்கொள்ள வேண்டியவர் அக்கரை மடத்து நாகனார். தோற்றவர் தம் மடத்தை விட்டு, வென்றவரின் மடத்தில் சீடராகச் சேர வேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம்.

கொற்றனுக்குக் கவலையே இல்லை.

"எதுவுமே இல்லை என்கிறவர், அம்மா அவர். அப்படியானால் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்று கேட்பேன். சபை சிரிக்கிற சிரிப்பில் ஆள் எழுந்து போய்விடுவார்."

மற்ற சீடர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெண்ணியம்மையும் சிரித்தார்.

"நல்ல கேள்விதான். அதற்குமுன் ஒரு வேலை செய். அவரிடம் போய் அவருடைய கொள்கையை நீயே சொல்லு. 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் சொன்னபிறகு வா."

இதென்ன பெரிய காரியம் என்று ஆற்றைக் கடந்து போனான். நாகனார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுவுமே இல்லை என்பது உங்கள் கொள்கை. சரிதானே?"

"அப்படியா சொன்னேன்? இதோ கீரை இருக்கிறதே! எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றல்லவா சொன்னேன்?"

கொற்றனுக்குச் சுருக்கென்றது. விடவில்லை.

"சரி, எல்லாம் மாறுகிறது. நேற்றைய ஆள் இன்றைக்கு இல்லை. ஆகையால் செய்த தப்புக்கு யாரும் பொறுப்பில்லை. இதுதானே?"

நாகனார் முழங்காலைக் காட்டினார்.

"மாமரத்திலிருந்து விழுந்த தழும்பு. விழுந்த பையன் எங்கே?"

"இப்போது இல்லை."

"தழும்பு?"

கொற்றன் குனிந்து அந்த முழங்காலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, தானும் ஒரு கை கீரையை எடுத்து ஆயத் தொடங்கினான்.

"அப்படியானால், பெரியவரே, செத்தபிறகு அந்தத் தழும்பு யாரிடம் போகும்?"

"அட, இதை யாரும் என்னிடம் கேட்டதில்லையே!" என்றார் நாகனார்.

கேட்கக் கேட்க கொற்றனுக்கு ஆசை கூடியது. அங்கேயே தங்கிவிட்டான். வாதம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் காலை, கிழவரின் கொள்கையை முதலிலிருந்து கடைசிவரை அவருக்கே எடுத்துச் சொன்னான்.

நாகனார் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆமாம், இதைத்தான் சொல்கிறேன். இவ்வளவு தெளிவாக எனக்கே சொல்ல வந்ததில்லை, ஐயா."

கொற்றன் மடத்துக்குத் திரும்பும்போது வாதத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. வெண்ணியம்மையின் முன் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, நம் பக்கம்தான் சரி என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழைய கேள்வியைக் கேட்க இனி எனக்கு நா எழாது. நாளைக்குத் தோற்றாலும் தோற்றுவிடுவேன். உங்களை விட்டுப் போக வேண்டியிருக்குமே! பயமாக இருக்கிறது."

"எனக்கும் பயமாகத்தான் இருந்தது."

"தோற்றுவிடுவேன் என்றா?"

"அன்றைக்கே உன்னை மேடையேற்றியிருந்தால் அந்தச் சிரிப்பிலேயே நீ ஜெயித்திருப்பாய், கொற்றா. அந்தப் பயத்தில்தான் உன்னை அக்கரைக்கு அனுப்பினேன்."