பூங்குயில் பேண்டு செட் வேனின் புகை

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் அந்த இடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும். இன்றைக்குத் திங்கட்கிழமைதான் ஆகிறது. அதுவரை முகத்தைக் கொஞ்சம் உர்ரென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு பேரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

கூடன்கரை பூங்குயில் பேண்டு செட்டுக்குக் கிளாரினெட் வாசிக்கிற ஏசுவடியான்தான் மாஸ்டர். டிரம்முக்கு இசக்கி, டிரம்பெட்டுக்குச் சுடலைமணி, ஜால்ராவுக்குப் பேச்சிமுத்து. இவர்கள் போக முப்பது வயதான ஒரு டீசல் வேன். செட்டிலேயே அதிகம் சத்தம் போடுவது அதுதான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நேரத்துக்குப் போகாவிட்டால் பக்கத்து ஊர் சாரங்கா செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த வட்டாரத்துக் கல்யாணம் ஒன்றுகூட பூங்குயிலுக்குத் திரும்பி வராது. வழியில் பாலத்தடியில் போலீஸ் நின்று புகைச் சான்றிதழ் கேட்கிறது. வேனுக்கு அது இல்லை. ஏசுவடியானுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வேனைப் புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த மைதீன், சைலன்சரில் ஒரு குழாயைச் செருகிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். கறுகறுவென்று கிளம்பிய புகையில் எதிர்ச் சலூனில் பாதிச் சவரத்தில் இருந்தவர் காணாமல் போனார். மீட்டர் எழுபத்தெட்டு காட்டியது. அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம்.

மைதீன் நல்ல மனுஷர். இஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகு கொண்டு வாருங்கள், ஏர் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள், காற்று போகிற வழியைப் பாருங்கள் என்று மூன்று காரியம் சொன்னார். ஏசுவடியான் மூன்றையும் பாட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சூடு. சுடலைமணி மாமியார் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்த்த அனுபவசாலி. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, பானட்டின் மேல் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று ஒத்தடம் கொடுத்தான். பிறகு கம்பளி போர்த்தினார்கள். உள்சூட்டுக்கு என்று பேச்சிமுத்து ரேடியேட்டரில் சுக்குக் கஷாயம் ஊற்றினான்.

புதன்கிழமை பில்டர். அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இசக்கி குச்சியை எடுத்தான். எடுத்தவன் நின்றுவிட்டான்.

"கல்யாண அடியா, சாவு அடியா, அண்ணாச்சி?"

"அவரு தட்டணும்னுதான் சொன்னாரு. அடி என்னன்னு சொல்லலியே," என்றார் மாஸ்டர்.

"சாவு அடி அடிச்சா வண்டி ஏதும் நினைச்சுக்கிடும்," என்றான் பேச்சிமுத்து.

அதனால் கல்யாண அடி. அரைமணி நேரம் இசக்கி வெளுத்து வாங்கினான். தெருவே கூடிவிட்டது. ஒரு படி தூசி தேறியது. அதைக் குப்பையில் கொட்டப் போனவனை மாஸ்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். மைதீன் தட்டத்தான் சொன்னார், தூரப் போடச் சொல்லவே இல்லை. ஒரு பொட்டு சிந்தாமல் பில்டருக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடினார்கள்.

வியாழக்கிழமை காலையில் காற்று போகிற வழியைப் பார்த்தார்கள். நாலு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். காற்று உள்ளே இழுக்கிற குழாய்க்குள் பேண்டு செட்டின் பழைய சிவப்புக் கோட்டு ஒன்றின் கை, உருட்டித் திணித்தபடி இருந்தது. தை மாதம் இசக்கி திணித்தது. ஓடுகிற வேனில் ஒத்திகை பார்க்கும்போது இஞ்சின் உஸ்ஸென்று மூச்சிழுக்கிறது, சுருதியில் சேர மாட்டேன் என்கிறது என்று மாஸ்டர்தான் அடைக்கச் சொன்னார். கறுப்புப் புகையும் தை மாதத்திலிருந்துதான் வருகிறது.

மாஸ்டர் துணி பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தார். அப்படியே அசையாமல் இருக்கிறது என்றான் இசக்கி. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விட்டான். மாஸ்டர் நோட்டில் 'பார்த்தாச்சு' என்று எழுதினார்.

அன்று மத்தியானம் மைதீனின் மீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது.

நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எழுபத்தெட்டு எங்கே, தொண்ணூற்றொன்று எங்கே. சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் பள்ளிக்கூடத்தில் நாற்பதைத் தாண்டியதே இல்லை. எண் ஏறக் கூடாது, இறங்க வேண்டும் என்று மைதீன் பொறுமையாக விளக்கினார். அப்புறம் ஏதோ வாசனை வருகிறதே என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கை கூப்பினார்.

"அண்ணாச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். இனிமே இந்த வண்டிய ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க."

சொன்னால் சொன்னபடி கேட்கிறவர்கள். அங்கிருந்தே வேனைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வந்து, வேனைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஏலே, புகை எப்பம் வருது?" என்றார் மாஸ்டர்.

"ஸ்டார்ட் பண்ணினா வருது."

"தள்ளிட்டு வந்தமே, அப்பம் வந்துச்சா?"

மூன்று பேரும் சைலன்சரை மோந்து பார்த்துவிட்டு, வரவில்லை என்றார்கள்.

"அப்பம் வியாதி சாவியிலதாம்லே இருக்கு."

சாவியைக் கொண்டுபோய் பேச்சிமுத்து வீட்டு அரிசிப் பானையில் புதைத்தார்கள். நாலு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏசுவடியான் இரண்டாம் சோறு கேட்டு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கே புறப்பட்டார்கள். சிவப்புக் கோட்டு, சரிகைத் தொப்பி, உச்சி வெயில். வாத்தியங்களை வேனுக்குள் அடுக்கி மூன்று பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பாரம் கூடுமே என்று மாஸ்டர் உள்ளே ஏறவில்லை. கூடவே நடந்து, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாலத்தடியில் போலீஸ்காரர் கை காட்டினார். வேனைச் சுற்றி வந்தார். புகை வருகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் நாலு பேர் முகத்தையும் பார்த்தார். சான்றிதழே கேட்காமல், போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். ஏசுவடியானுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

கல்யாண மண்டபத்து வாசலுக்கு வரும்போது மணி நாலேமுக்கால். சிவப்புச் சாயம் வேர்வையோடு வழிந்து நாலு பேர் கழுத்தும் பாகற்பழம் மாதிரி இருந்தது. ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சாரங்கா செட்டுக்குப் போன் போட எடுத்த பெண்ணின் தாய்மாமா, போனைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். வண்டி ரிப்பேரா என்று கேட்டார். வண்டிக்கு ஒன்றும் இல்லை, ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அவ்வளவுதான் என்றார் ஏசுவடியான்.

"அப்பம் எட்டு கிலோமீட்டரும் நடந்தா வந்திய?"

"நடந்துதான்."

"ஏன் அண்ணாச்சி, வண்டிய வீட்டுல விட்டுட்டு வாத்தியத்தை மட்டும் கையில தூக்கிட்டு நடந்திருக்கலாம்லா?"

ஏசுவடியான் வேனைப் பார்த்தார். உள்ளே கையடக்கமாகப் படுத்திருந்த கிளாரினெட்டைப் பார்த்தார். மறுபடி வேனைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"ஏலே, அவரு சொல்லுதது வாஸ்தவம்லா. நாம நல்லா ஏமாந்துட்டோம்."

மூன்று பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"வண்டியத் திருப்புங்கலே. வீட்டுல விட்டுட்டு நடந்து வந்துருவோம்."