ஆணியோடு ஒன்பது கிலோமீட்டர்

"அம்மா, இன்னைக்குக் கேட்டுடட்டுமா?"

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே தேசிங்கு கேட்டார். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

பின்னால் உட்கார்ந்திருந்த நாச்சம்மை ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"உள்ளயே குத்திக்கிட்டு இருக்கும்மா. பிடுங்கிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி."



தேசிங்குக்கு வயது அறுபத்திரண்டு. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாச்சம்மை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருந்தாலும் மூன்று வருஷமாக அவர்தான் தியான குரு. வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் போய்க் கண்ணை மூடி உட்காருவார் தேசிங்கு. கண் மட்டும்தான் மூடும். மனசு ஒரே கேள்வியைச் செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பெற்றவள் செத்ததற்குக்கூட மகன் ஏன் வரவில்லை?

மகன் இளவழுதிக்கு மலேசியாவில் வேலை. இப்போது மாமனார் ஊருக்கு வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, அப்பன் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புகிறான். அவன் ஏறிய திருச்சி பஸ் நாலு மணிக்குப் பொன்னமராவதிக்கு வரும். ஐந்து நிமிஷம் நிற்கும்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்" என்று தேசிங்கு போனில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தனியாகப் போகப் பயமாக இருந்தது. துணைக்கு வரும்படி நாச்சம்மையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பொன்னமராவதிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. பின் சக்கரத்தில் டக், டக் என்று ஒரு சத்தம்.

தேசிங்கு சட்டென்று பிரேக் பிடித்தார். ஓரம் கட்டினார். மணி மூணு முப்பத்தைந்து.

பின் டயரில் ஓர் ஆணி, தலைவரை இறங்கியிருந்தது. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"தப்பிச்சோம்மா. காத்து இறங்கல. உக்காருங்க, இப்படியே போயிடலாம்."

நாச்சம்மை குனிந்து ஆணியைப் பார்த்தார்.

"கட்டிங் பிளேயர் இருக்கா?"

"லைன்மேன்கிட்ட பிளேயர் இல்லாமலா?" என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தார் தேசிங்கு. எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

நாச்சம்மை ஆணியைக் கவ்வி, காலை டயரில் ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்தார்.

உஸ்ஸ்ஸ்.

தேசிங்கு பாய்ந்து விரலால் ஓட்டையை அடைத்தார். விரலை மீறிக்கொண்டு காற்று போனது. கொஞ்ச நேரத்தில் சக்கரம் ரிம்மோடு தரையில் உட்கார்ந்துவிட்டது.

"என்னம்மா பண்ணிட்டீங்க!"

"குத்திக்கிட்டு இருந்துச்சு. பிடுங்கிப் போட்டேன்."

"ஐயோ! டியூப்லெஸ் டயரும்மா அது! ஆணி இருந்தாத்தான் காத்து நிக்கும். அதோடயே ஓட்டிக்கிட்டுப் போயி, பஞ்சர் கடையில நிறுத்தி, ஒட்டுறவன் சாமானோட பக்கத்துல உக்காந்த பெறகுதான் பிடுங்கணும். நட்டநடு ரோட்டுல, கையில ஒண்ணுமில்லாம யாராச்சும் பிடுங்குவாங்களா?"

குருவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உயர்த்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

நாச்சம்மை நிதானமாகப் பிளேயரைத் துடைத்தார்.

"பஸ் எவ்வளவு நேரம் நிக்கும்னீங்க?"

"அஞ்சு நிமிஷம்மா! அஞ்சே நிமிஷம்! அதுக்குத்தானே அடிச்சுக்கிறேன்!"

"அஞ்சு நிமிஷம்" என்று நாச்சம்மை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தேசிங்கு எங்கே அதைக் கேட்டார்? கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். மணி மூணு நாற்பத்தெட்டு. ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை. அவன் இன்றைக்குப் போனால் அடுத்து எப்போது வருவானோ. வரும்போது நாம் இருப்போமோ, இல்லையோ.

தூரத்தில் தண்ணீர் கேன் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. நாச்சம்மை நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டினார்.

"ஏறுங்க. வண்டிய நான் தள்ளிக்கிட்டு வர்றேன்."

"இந்த வெயில்லயா? நீங்களா?"

"பிடுங்கினது நான்தானே?"

கேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு போனார் தேசிங்கு. மகனிடம் கேட்க வேண்டியதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தைகள் வரவே இல்லை. 'கையில ஒண்ணுமில்லாம யாராச்சும் பிடுங்குவாங்களா?' என்று சற்றுமுன் தான் கத்தியதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது திருச்சி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் படியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தேசிங்கு ஓடினார். நாலாவது ஜன்னலில் இளவழுதி. முன்னந்தலையில் நரை தெரிந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

"அப்பா."

தேசிங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்னமோ கேக்கணும்னு சொன்னீங்க" என்றான் மகன். அடி விழப்போகிறது என்று தெரிந்தவன் முகம். என்ன கேள்வி என்று அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"ஆமா."

"கேளுங்கப்பா."

கண்டக்டர் விசில் அடித்தார்.

"அடுத்த தடவ வந்தா..." தேசிங்கு எட்டி மகன் முகத்தைப் பார்த்தார். "நம்ம வீட்ல எத்தன நாள் இருப்ப?"

பஸ் நகர்ந்தது. கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

இளவழுதி அவர் கையின்மேல் கையை வைத்தான்.

"இத நீங்க ஒரு தடவகூடக் கேட்டதே இல்லையேப்பா" என்றான்.