காவி இழை

மலைமேல் ஓர் ஏரி, அதன் கரையில் ஒரு மடம். மடத்தின் தலைவி திலகவதியம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் உலகநாதருக்கோ அறுபது தாண்டிவிட்டது. அவருடைய முன்கோபத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

மடத்துக் குடிதண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவது அவர் வேலை. ஒருநாள் பார்த்தால், துணியில் நீலமும் சிவப்புமாக முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் இழைகள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஏரியில் துணி துவைப்பவள் செங்கமலம் ஒருத்திதான். பளபளக்கும் பாலியஸ்டர் காவித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விரட்டிவிட்டார். துறையை விட்டால் எனக்கு ஏது பிழைப்பு என்று அவள் அழுததைக் காதிலேயே வாங்கவில்லை.

நாளாகியும் இழைகள் குறையவில்லை. திருட்டுத்தனமாக வந்து துவைக்கிறாள், ஊரைவிட்டே அனுப்பவேண்டும் என்று அம்மையிடம் வந்து குதித்தார்.

அம்மை வெள்ளைத் தட்டு ஒன்றில் விளக்கெண்ணெய் தடவி, ஏரிக்கு மேலே ஆள் ஏறாத பாறையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துவரச் சொன்னார். உலகநாதரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மறுநாள் தட்டை எடுத்துவந்து அம்மை முன் வைத்தார். எண்ணெயில் அதே நீலம், அதே சிவப்பு.

"செங்கமலம் பாறைமேல ஏறித் துவைச்சாளா?"

"இல்லம்மா. காத்துல வந்திருக்கு." அவர் கீழே சமவெளியைப் பார்த்தார். நூல் ஆலை, நெடுஞ்சாலை, புகைந்துகொண்டிருக்கும் குப்பைமேடு. "பாவிங்க, வானத்தையே குப்பைத்தொட்டி ஆக்கிட்டாங்க."

அம்மை தட்டின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு காவி இழை ஒட்டியிருந்தது. உலகநாதரின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"இனிமே கோபமே படமாட்டேன், அம்மா" என்றார்.

அம்மைக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"ஏன் படமாட்டீங்க? குடிக்கிற தண்ணியில நஞ்சு விழுது. அவ்வளவு பெரிய கோபத்தையும் ஒரு செங்கமலத்துமேலயா கொட்டித் தீர்த்தீங்க? முதல்ல போய் அவளைத் துறைக்குக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் இந்தத் தட்டோட நாம ரெண்டு பேரும் ஆலை வாசலுக்குப் போவோம். வரும்போது அந்தத் துண்டை மட்டும் போட்டுக்கிட்டு வராதீங்க."