நாலு கிளிக்

பனிமேட்டில் அதிபுத்திசாலிகள் மூன்று பேர் இருந்தார்கள். அப்படி அவர்களே சொல்லிக்கொண்டதால் ஊரில் யாரும் மறுக்கவில்லை. மூவரில் ஞானசிகாமணிக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சந்தேகம் வரும்: இருந்த ஞானம் முழுவதையும் பெயர் வைக்கும்போதே செலவழித்துவிட்டார்களோ?

அவனிடம் மலைச் சைக்கிள் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையிறக்கப் பந்தயம். அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிற வீட்டார் பார்க்க வருகிறார்கள். சைக்கிளோ சின்னக் கல்லில் இடித்தாலும் முன்பக்கம் சடக்கென்று அமுங்கித் தரையை முகர்ந்தது. மெக்கானிக் அல்போன்ஸுக்குப் போன் போட்டான்.

"தம்பி, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்குக்குள்ள எண்ணெய் இருக்கு. ஃபோர்க் அமுங்குறப்ப அது ஒரு பொடி ஓட்டை வழியாப் போகணும். ஓட்டை அகலமா இருந்தா எண்ணெய் சட்டுனு போயிரும், ஃபோர்க்கும் சட்டுனு அமுங்கிரும். குறுகலா இருந்தா ரெண்டும் நிதானமா நடக்கும். உங்களுது ரொம்பத் திறந்து கெடக்கு. மேல நீலக் குமிழ் இருக்கு பாருங்க, அதுல நாலு கிளிக் வைங்க."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"கிளிக்னா போட்டோ," என்றான் தவசி. கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு லைட் பிடித்த அனுபவசாலி அவன்.

"எண்ணெய்க்கும் போட்டோவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றான் ஞானசிகாமணி.

"உன்னைய போட்டோ எடுத்தா நீ என்ன பண்ணுவே?"

"ஆடாம நிப்பேன்."

"எண்ணெயும் அப்படித்தான்."

இதுகூடத் தனக்குத் தோன்றவில்லையே என்று ஞானசிகாமணி கூசிப்போனான்.

குமிழைத் துடைத்துப் பொட்டு வைத்து, தவசியின் போனில் நாலு படம் எடுத்தார்கள். மூன்றாவது படம் கலங்கியிருக்கிறது, எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்று இன்னொரு கூட்டாளி பூவலிங்கம் சொல்லவே, அதைத் திரும்ப எடுத்தார்கள். ஆனாலும் சைக்கிள் பழையபடியே முன்பக்கம் அமுங்கியது.

"அப்ப இன்னும் ரெண்டு வைங்க," என்றார் அல்போன்ஸ். வைத்தார்கள். மறுபடி போன். மறுபடி கிளிக்.

"இத்தனை வச்சும் கல்லு மாதிரி இறுகலையா தம்பி?"

"இறுகிருச்சுங்க. தவசி போன்தான். தொட்டா அசைய மாட்டேங்குது."

பந்தயத்தில் முதல் பாறை வந்தது. ஃபோர்க் அடிவரை அமுங்கியது. சைக்கிள் நின்றது. ஞானசிகாமணி நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, கேரட் தோட்டத்தில் வருங்கால மாமனாரின் செருப்பருகே முகம் பதிய இறங்கினான்.

அவர் குனிந்து பார்த்தார். "பந்தயத்துல மாப்பிள்ளை மட்டும் வந்தாப் போதுமா, சைக்கிளும் கூட வரணுமா?"

பக்கத்தில் நின்ற அவர் மகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். 'சிரிச்சிட்டா. கல்யாணம் நிக்காது' என்று மண்ணுக்குள்ளிருந்தே அவன் கணக்குப் போட்டான். தன் வாழ்க்கையில் சரியாக வந்த ஒரே கணக்கு அதுதான் என்று பிற்காலத்தில் அவனே ஒப்புக்கொள்வான்.

அல்போன்ஸ் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குமிழைத் திருகினார். டிக், டிக் என்று சத்தம் வந்தது. "இதுதான்யா கிளிக்! இப்ப அமுக்கு."

ஞானசிகாமணி அமுக்கினான். ஃபோர்க் அவசரப்படாமல் இறங்கியது.

"அப்ப கல்லுல இடிக்கற அடியெல்லாம் எங்கண்ணே போகுது?"

"எண்ணெய் இடுக்குல நெருக்கிட்டுப் போகுதுல்ல? அதுல சூடா மாறிரும்."

அவர் போனதும், மூவரும் சைக்கிளை ஒருமுறை அடிவாரம்வரை ஓட்டி வந்து ஃபோர்க்கைத் தொட்டுப் பார்த்தார்கள். லேசாகச் சுட்டது. நேராக மருந்துக் கடைக்கு ஓடினார்கள்.

"அண்ணே, காய்ச்சல். மலையிறங்கினதிலேருந்து உடம்பு சுடுது."

"வயசென்ன?" என்றார் கடைக்காரர்.

"வந்து எட்டு மாசம் ஆச்சுங்க," என்றான் ஞானசிகாமணி.

"எட்டு மாசக் குழந்தையா! மாத்திரை ஆகாது, சொட்டு மருந்துதான். பால் குடிக்குதா?"

"பால் குடுத்ததே இல்லீங்க. எண்ணெய் மட்டுந்தான்."

கடைக்காரர் முகம் வெளுத்தது. "குழந்தை எங்கய்யா?"

"வெளியதாங்க," என்றான் ஞானசிகாமணி பணிவாக. "யாரும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு கரண்ட் கம்பத்தோட சேத்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கோம்."